சோப்பு டப்பா மணி

பிரித்தால் பாடும் வாழ்த்து அட்டை உங்களுக்கும் நினைவிருக்கும். பிறந்தநாளுக்கு யாராவது ஒருவர் கொடுத்துவிடுவார். நாம் அதைப் பிரித்துப் பிரித்து மூடி, பாட்டு இழுத்துக்கொண்டு அழுகிற குரலாகும் வரை விடமாட்டோம். பிறகு அட்டையைக் கிழித்து உள்ளே பார்ப்போம். நம் வயதுக்காரர்களில் கிழித்துப் பார்க்காதவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். உள்ளே ஒரு கறுப்புப் பொட்டும் மாத்திரை போல ஒரு செல்லும் இருக்கும். அந்தப் பொட்டுக்குக் கடையில் தனியாக விற்கிற ஓர் அக்கா உண்டு. கறுப்பு உடம்பு, மூன்று கால், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தூரத்திலிருந்து பார்த்தால் பூச்சி. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு மெட்டு.

அந்தப் பூச்சியை வைத்து நான் பதினோரு வயதில் ஓர் அழைப்பு மணி செய்தேன். அடிக்க வேண்டிய ஒரு நாளில் அது அடிக்கவில்லை. அதனால் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் நான் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். ஒன்பது வயது. போன மாதம் பள்ளியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். ஹாபி வகுப்பில் ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மழைத்துளி பட்டால் கத்துகிற கருவியாம். பைக்குள் பச்சை அட்டை ஒன்று, வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்டர்கள், கூடவே ஒரு தாள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

“நீதாம்மா பெரியவர்” என்றாள்.

நான் வேண்டாம் என்றேன். கை சுட்டுவிடும் என்றேன். புகை ஆகாது என்றேன். உனக்கு இன்னும் வயதாகவில்லை என்றேன். ஒன்றுக்கு மூன்றாகக் காரணம் சொன்னால் மூன்றும் உண்மையில்லை என்பது ஒன்பது வயதுக்கே தெரிகிறது. பையை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். அவள் வாதாடவில்லை. அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நானும் ஒரு பீரோவை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கு அப்போது கார்டன் ரீச்சில் ஆபீஸ். திருநெல்வேலிக்காரர்கள் நாங்கள், மாற்றலில் பெங்காலிக்காரர்கள் ஊருக்கு வந்து பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கோடை விடுமுறையில் அப்பா ஸ்டெபிலைசரை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு சாந்தினி மார்க்கெட்டுக்குப் போனார். ஸ்டெபிலைசர் சரியாகவில்லை. அதற்குப் பதிலாக ஈயம் பற்றவைக்கிற ஒரு சால்டரிங் அயர்னும், நாமே சேர்த்துச் செய்யும் மூன்று கிட்டுகளும் வாங்கி வந்தார். ஏன் வாங்கினார் என்று அம்மா கேட்டதற்கு, கடைக்காரர் நன்றாகப் பேசினார் என்றார். அவருக்கு ரெசிஸ்டருக்கும் கெபாசிட்டருக்கும் வித்தியாசம் தெரியாது. கிட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

தாளில் இருந்த இங்கிலீஷைத் தடவித் தடவிப் படித்து நானே செய்தேன். முதல் கிட் இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறி மினுக்குவது. அந்த வாசனையை இப்போதும் என்னால் வரவழைத்துக்கொள்ள முடியும். குங்கிலியம் போல மஞ்சளாக ஒரு கட்டி. அதில் அயர்னின் மூக்கை வைத்தால் கோயில் புகை மாதிரி ஒன்று எழும். ஈயக் கம்பி ஒரு நொடி யோசிக்கும், பிறகு சட்டென்று உருகி, பளபளவென்று ஒரு சொட்டாக உட்காரும். அந்தச் சட்டென்று உருகும் நொடிக்காகத்தான் நான் அத்தனையும் செய்தேன் என்று நினைக்கிறேன். விளக்கு மினுக்கியது எனக்கு இரண்டாம் பட்சம்.

அம்மாவுக்குக் கரண்ட் என்றால் பயம். வீட்டுக்குள் செருப்புப் போட்டால் வீடே தீட்டு என்கிற எங்கள் வீட்டில், எனக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினாள். அது தெருவைப் பார்த்ததே கிடையாது. அயர்னைத் தொடும்போது மட்டும் போட வேண்டும். கூடத்தில் பேப்பர் விரித்து, அதன்மேல் ரப்பர் செருப்போடு நான் உட்கார்ந்திருக்க, அம்மா அடுப்படியிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல் கொடுப்பாள்.

“ஏட்டி, செருப்பு போட்டுருக்கியா?”

“போட்டுருக்கேம்மா.”

“ரெண்டு கால்லயுமா?”

கீழே வீட்டுக்காரர்கள். பௌதி, அவருடைய கணவர், மாமனார். பௌதி என்றால் பெங்காலியில் அண்ணி. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது, அதனால் அம்மாவுக்கும் பௌதி, எனக்கும் பௌதி. மாமனாரைத் தாது என்போம், தாத்தா என்று அர்த்தம். அவருக்கு ஒரு பக்கம் கால் வராது. வாசலை ஒட்டிய அறையில் ஜன்னலோரக் கட்டிலில் இருப்பார். பௌதியின் அடுப்படியோ வீட்டின் கடைசியில், நீளமான தாழ்வாரத்தைத் தாண்டி. பௌதியைக் கூப்பிட தாது ஒரு வெண்கலக் கிண்ணத்தை ஸ்பூனால் தட்டுவார். அந்தச் சத்தம் அடுப்படிக்குக் கேட்காது, மாடிக்கு நன்றாகக் கேட்கும். அம்மா படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்து, தனக்குத் தெரிந்த பெங்காலியில் பௌதிக்குத் தகவல் சொல்லுவாள். பாதி நேரம் தாதுவுக்கு வேண்டியது இன்னொரு தலையணையாகத்தான் இருக்கும்.

மூன்றாவது கிட் அழைப்பு மணி. அதைத் தாதுவுக்குச் செய்து கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியபோது, என் வாழ்க்கையில் அதைவிட நல்ல யோசனை வந்ததில்லை என்று நினைத்தேன். மூன்று கால் பூச்சி, ஒரு டிரான்சிஸ்டர், சின்ன ஸ்பீக்கர், இரண்டு பென்சில் செல். கட்டிலோரம் இருக்கும் பொத்தானை அமுக்கினால் அடுப்படியில் மெட்டு பாடும். விரலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் பாடும். அதற்கென்றே ஒரு தடித்த கெபாசிட்டர் இருந்தது. பெட்டிக்கு அம்மாவின் பச்சை சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் வடிய அதன் அடியில் ஏற்கெனவே ஓட்டைகள் உண்டு; ஸ்பீக்கருக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. அம்மா அன்றைக்கு முழுக்க சோப்பு டப்பாவைத் தேடினாள்.

கடைசி ஒட்டு ஸ்பீக்கர் ஒயர். சாயங்கால வெளிச்சத்தில் அதைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போது லோட் ஷெடிங். ஈயம் அரைகுறையாக உருகிய நிலையில் அயர்ன் ஆறத் தொடங்கியது. பளபளப்பாக உட்கார வேண்டிய சொட்டு சாம்பல் நிறத்தில், தயிர் திரிந்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. கரண்ட் வந்த பிறகு மறுபடி சூடு காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. செல் போட்டுப் பார்த்தேன், பாடியது. பாடுகிறதே என்று விட்டுவிட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

தாழ்வாரச் சுவரில் ஆணியடித்து ஒயர் இழுத்தது நானும் பௌதியும்தான். தாதுவுக்குப் பிடித்துப் போனது. அதுதான் தொல்லை. டீ வேண்டும் என்று அமுக்கினார். டீ ஆறிவிட்டது என்று அமுக்கினார். பௌதி வந்து நின்றால், சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தேன் என்பார். நான் படியிறங்கினால் இஞ்சினியர் பாபு வருகிறார் என்று சொல்லி, எனக்கு மரியாதையாக ஒரு தடவை அமுக்குவார். அடுப்படியிலிருந்து பௌதியின் நீண்ட பெருமூச்சு கேட்கும். எல்லோரும் சிரித்தோம். பௌதியும் சிரித்தார். அவர் காலை நாலரை மணிக்கு எழுந்திருக்கிறவர் என்பது எனக்குத் தெரியும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியாது. இப்போது நானும் அந்த நேரத்துக்கு எழுந்திருக்கிறேன், தெரிகிறது.

ஆவணி மாதம் என்று நினைக்கிறேன். விடாத மழை, தெருவில் முழங்கால் தண்ணீர், பள்ளிக்கூடம் ‘ரெயினி டே’ என்று திருப்பி அனுப்பிவிட்டது. மத்தியானம் மூன்று மணியிருக்கும். கீழே தொம்மென்று ஒரு சத்தம். அம்மா படிகளில் ஓட, பின்னால் நான். தாதுவின் அறையில் ஜன்னல் திறந்து கிடந்தது. சாரல் அடித்து, சிவப்பு சிமென்ட் தரை முழுக்க ஈரம். தாது கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் பக்கவாட்டில் கிடந்தார். ஜன்னலைச் சாத்த எழுந்திருக்கிறார். பௌதி தூக்கக் கலக்கத்தில் புடவையைச் சரிசெய்துகொண்டே தாழ்வாரத்தில் ஓடிவந்தார். தாது யாரையும் பார்க்காமல் சொன்னார்: “டிபேச்சி. பாஜேனி.”

அமுக்கினேன், அடிக்கவில்லை. அந்த இரண்டு வார்த்தைகளும் இன்றுவரை பெங்காலியில்தான் என் காதில் இருக்கின்றன.

அவரை நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு, சாயங்காலம் நான் கீழே போய்ப் பொத்தானை அமுக்கினேன். அடுப்படியில் மணி பாடியது. அடித்திருக்காவிட்டால் செல் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம், ஒயர் அறுந்தது என்று சொல்லலாம். மூன்று மணிக்கு அடிக்காமல் ஆறு மணிக்கு அடிக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். கிட்டோடு வந்த தாளின் பின்பக்கத்தில் இருந்தது. சரியாகப் பிடிக்காத ஒட்டு ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. அதற்கு டிரை சால்டர் என்று பெயர். அதன் அடையாளம் மங்கலான சாம்பல் நிறம். சோப்பு டப்பாவைத் திறந்து பார்த்தேன். செல்களைப் பார்த்தேன். சாம்பல் நிறச் சொட்டைப் பார்த்தேன். நிமிர்ந்து பௌதியைப் பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நிமிர்ந்தேன். பௌதியின் முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் அவருடைய நாத்தனார் வந்து நின்றிருந்தார். நான் டப்பாவை மூடி வைத்துவிட்டு மாடிக்கு ஓடிவிட்டேன்.

ஒன்றுமே தெரியாத குழந்தையாக இருந்திருந்தால் அன்றைக்கு அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன். எனக்கு ஒரு தாள் அளவுக்குத் தெரிந்திருந்தது. என்னைக் குற்றவாளியாக்க அந்த ஒரு தாள் போதுமானதாக இருந்தது.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அடுத்த நாள் காலையில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் எடுத்துக்கொண்டு கீழே போய், பௌதியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அந்த வாரமே அப்பா அயர்னையும் ஈயத்தையும் ரப்பர் செருப்பையும் ஒரு துணிப்பையில் போட்டு பீரோவின் மேலடுக்கில் வைத்துப் பூட்டினார். எனக்குத் தண்டனை என்று புரிந்தது. நியாயமான தண்டனை என்றும் தோன்றியது. தாது ஒன்றரை மாதத்தில் வீட்டுக்கு வந்துவிட்டார். படியிறங்கும்போது அவர் ஜன்னலைக் கடக்க வேண்டும் என்பதற்காக, அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்துப் போவேன், இல்லாவிட்டால் குனிந்து ஓடுவேன். குளிர் முடிவதற்குள் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று எல்லோரும் கீழே சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் டாக்சியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் அயர்னைத் தொடவில்லை. காமர்ஸ் படித்தேன். கல்யாணம், குழந்தை, எல்லாம் ஆனது. கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுப்பேன். மகளுக்கு மருந்து அளந்தால் ஊற்றிவிட்டு மறுபடி அளப்பேன். என் கணவர் இதைக் கிண்டல் செய்வார், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒரு தடவை பார்த்து விட்டுவிட்டதால் என்ன ஆனது என்று அவருக்குச் சொன்னதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் அவர் வேலை எங்களை இதே ஊருக்குக் கொண்டுவந்தது. அலிப்பூரில் குவார்ட்டர்ஸ். பாலிகஞ்ச் ஒன்றும் தூரமில்லை. அந்தத் தெருப் பக்கம் மட்டும் நான் போகவில்லை.

மகளின் பையை மேலே ஏற்றி வைத்த அதே வாரத்தில் லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தேன். நம்மவர்கள் இந்த ஊரில் எங்கே இருந்தாலும் கறிவேப்பிலைக்கும் தோசை அரிசிக்கும் அங்கேதான் வந்தாக வேண்டும். யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். நரைத்த தலை, கையில் ஊன்றுகோல். நீ மாடி வீட்டுப் பெண்தானே என்று பெங்காலியில் கேட்டார். முகம் அப்படியே என் அம்மாவாம். பௌதி நிறையப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா, உன் பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதைக் கொடுக்காமல் நான் போய்விடக் கூடாது என்றார்.

போவதா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். கடைசியில் தனியாகப் போகத் தைரியமில்லாமல் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசல் அறையில் இப்போது பௌதியின் கட்டில். ஜன்னல் அதேதான். தாது, விழுந்த பிறகு மூன்று வருடங்கள் இருந்தாராம். பௌதியின் கணவரும் போய்விட்டார், மகன் பெங்களூரில். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இழுத்தார். அதற்குள் பழைய புடவைத் துணியில் சுற்றி, ஒயரும் பொத்தானுமாகப் பச்சை சோப்பு டப்பா.

பௌதி பெங்காலியில் சொன்னதை நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

“உனக்கு என்மேல இன்னும் கோவமா?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. கோபமா, எனக்கா?

“அன்னைக்கு சாயங்காலம் நீ டப்பாவத் தொறந்து செல்லையே பாத்துட்டு இருந்த. அப்புறம் நிமிந்து என் முகத்தப் பாத்த. நீ கண்டுபிடிச்சுட்டேன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் நீ எங்க பக்கம் வரவே இல்ல.”

“எதைக் கண்டுபிடிச்சேன், பௌதி?”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு உண்மையிலேயே தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். சொல்லாமலே விட்டுவிட அவருக்கு அந்த நொடி போதுமானதாக இருந்தது. அவர் விடவில்லை.

“ஒரு செல்ல நான் எடுத்து வச்சிருந்தேன், தங்கமே” என்றார்.

இந்த ஊரில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூக்கம் உண்டு. பாத்கூம் என்பார்கள், சோற்றுத் தூக்கம். கடைக்காரர்கள்கூடக் கதவை இறக்கிவிட்டுத் தூங்குவார்கள். காலை நாலரையிலிருந்து நின்றுகொண்டிருக்கும் பௌதிக்கு இரண்டிலிருந்து நாலு வரை அது ஒன்றுதான் சொந்தமாக இருந்தது. தாது கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்த நாட்களில் அவருக்குக் கேட்காது, தூங்கினார். மணி வந்த பிறகு தூங்க முடியவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தினமும் சாப்பிட்டதும் சோப்பு டப்பாவைத் திறந்து ஒரு செல்லை எடுத்து மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் வைப்பார். நாலு மணிக்குத் திரும்பப் போட்டுவிடுவார். அன்றைக்கு எல்லோரும் தாதுவைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, முதல் வேலையாக அடுப்படிக்குப் போய்ச் செல்லைத்தான் திரும்பப் போட்டிருக்கிறார்.

“உங்கம்மா வந்து என் கையப் பிடிச்சு மன்னிப்பு கேட்டா, நீதான் வீட்டுல சொல்லாம என்னைக் காப்பாத்திட்டேன்னு நினைச்சேன். அப்பவே சொல்லியிருக்கணும். நாத்தனார் இருந்தா, வீட்டுக்காரர் இருந்தார். வாய் வரல. சின்னப் பொண்ணுதானே, நீ மறந்துடுவேன்னு நினைச்சேன்.”

இத்தனை வருடங்களாக என் சாம்பல் நிற ஒட்டுதான் காரணம் என்று நம்பியதைச் சொன்னேன். தாதுவுக்குத் தெரியுமா என்று கேட்டதாக ஞாபகம்.

பௌதி முதல் தடவையாகச் சிரித்தார். தாதுவுக்கு முதலிலிருந்தே தெரியுமாம். இரண்டிலிருந்து நாலு வரை பொத்தான் வேலை செய்யாது என்பதை அவர் எத்தனையோ நாள் அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மணியும் சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறது என்று தனக்குள் சொல்லிக்கொள்வாராம். அன்று வலியில் வாய் தவறி வந்த அந்த இரண்டு வார்த்தைகளைத் தவிர, யாரிடமும் மூச்சுவிடவில்லை. நர்சிங் ஹோமிலிருந்து வந்த முதல் நாள், சாப்பிட்ட பிறகு பௌதியிடம் சொன்னாராம், இரண்டு மணியாகிவிட்டது, போய் உன் செல்லை எடுத்துவிட்டுத் தூங்கு, நான் இன்றைக்கு ஜன்னல் பக்கம் போகவில்லை என்று. பௌதி அதற்குப் பிறகு செல்லை எடுக்கவில்லை. அவரும் அந்த நேரத்தில் அமுக்கவில்லை.

இஞ்சினியர் பாபு ஏன் வருவதில்லை என்று மட்டும் அடிக்கடி கேட்டிருக்கிறார். நான் குனிந்து ஓடியதை ஜன்னலிலிருந்து அவர் பார்த்திருப்பார்.

பௌதியின் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வரவில்லை, பிறகு கொஞ்சம் வந்தது, போய்விட்டது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு மத்தியானம் அவள் அழ அழ நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதால் அது கதையாகவில்லை. அவ்வளவுதான் எங்கள் இருவருக்கும் வித்தியாசம்.

இதற்குள் என் மகள் டப்பாவைத் திறந்துவிட்டிருந்தாள். “அம்மா, எந்த ஒட்டு?” என்றாள். பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். காட்டினேன். சாம்பல் நிறம், திரிந்த தயிர், அப்படியே இருந்தது. நகத்தால் ஒயரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நான் இழுத்தேன். வரவில்லை. பௌதியின் ரேடியோவிலிருந்து இரண்டு செல் எடுத்துப் போட்டுப் பொத்தானை அமுக்கினோம்.

பாடியது. விரலை எடுத்ததும் நின்றுவிட்டது.

என் கண் மறுபடி அந்தச் சாம்பல் ஒட்டுக்குப் போனது. மகள் டப்பாவை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “கெபாசிட்டர் கெட்டுருக்கும்மா, ஓல்டு ஆயிடுச்சு. அத மட்டும் மாத்தணும்” என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். தாளில் இருக்கிறது என்றாள். பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே நான் டப்பாவைக் குலுக்கினேன். கட்டிலில் தட்டினேன். தலைகீழாகப் பிடித்தேன். மெட்டு ஓர் இடத்திலும் விடவில்லை. பௌதி எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, எனக்கு முட்டி சரியில்லை, போன் சார்ஜ் போட மறந்துவிடுகிறேன், மாடியில் குடியிருக்கும் பெண் நல்ல மாதிரி, அவளுக்குக் கேட்கிற மாதிரி இதை மாட்டிக்கொடுக்க முடியுமா என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் என் வாய் சொல்லப் போனது. அதற்குள் என் மகள் ஜன்னலுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் எத்தனை அடி ஒயர் வேண்டும் என்று காலால் அளக்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் திருநெல்வேலிக்குப் போன் செய்தேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் ஏன் அப்பா அயர்னைப் பூட்டினார் என்று கேட்டேன்.

“நீ அதப் பாத்தா சோறே திங்க மாட்டேன்னுட்டியேட்டி. கண்ணுல படாம இருக்கட்டும்னு வச்சாரு. நீ வந்து கேப்பேன்னு பாத்தோம், கேக்கல. உனக்குப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சோம்.”

பீரோ சாவி எப்போதும் பீரோவிலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

சாந்தினியில் புது அயர்ன் ஒன்றும், ஒரு கெபாசிட்டரும், பாலிகஞ்சுக்குத் தேவையான ஒயரும் வாங்கினேன். வழியில் ஒன்பது வயதுக் காலுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. மறு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பேப்பர் விரித்தோம். அலமாரியின் மேல்தட்டிலிருந்து அவளுடைய பையையும் இறக்கினேன். முதலில் மணி, பிறகு மழை என்று அவளே முடிவு செய்தாள். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன், அவள் பற்றவைத்தாள். ஈயம் ஒரு நொடி யோசித்தது, பிறகு உருகியது. அவள் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. சொட்டு பளபளப்பாக உட்கார்ந்தது. என் பழைய ஒட்டுக்கும் ஒரு சூடு காட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன்.

பதினொரு மணிக்குள் பாலிகஞ்சில் மாட்டியும் ஆயிற்று. சோப்பு டப்பா இப்போது மாடியில், ஒரு காலத்தில் நான் பேப்பர் விரித்து உட்கார்ந்த கூடத்தின் சுவரில் இருக்கிறது. கீழேயிருந்து பௌதி அமுக்கினார். மெட்டு முழுதாகப் பாடி ஓய்ந்தது. மாடிப் பெண் படிக்கட்டில் எட்டிப் பார்த்து, கேட்கிறது என்றாள்.

“ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் நான் அமுக்க மாட்டேன், பயப்படாத” என்று பௌதி கீழேயிருந்து சொன்னார். “நீயும் செல்ல மட்டும் எடுத்துராத.”

மாடிப் பெண்ணுக்கு அது வெறும் வேடிக்கைப் பேச்சு. நானும் பௌதியும் சிரித்ததில் என் மகளும் சேர்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். மணி இரண்டு ஆகியிருந்தது. மகள் ரப்பர் செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே சோபாவில் தூங்கிப்போயிருந்தாள். எனக்கும் கண்ணைச் சொருகியது. படுக்கப் போகும் முன் அயர்னின் பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரே ஒரு தடவை.